நடக்கத் தகுந்த பாதை

அன்புமிக்க ஹெஸ்டர் அக்காவுக்கு,

தம்பி லையனல் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் அவருடைய இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை மிக்க நலம். நாங்கள் மூவரும் ஏதோ இருக்கிறோம். "அந்த டாக்ஸி விஷயம் என்னடா ஆச்சு?" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது.

எங்கள் பெண் ரோவீனாவைப் பள்ளிக்கு அழைத்துப்போக உள்ளூர் கவுன்சில் இதுவரை டாக்ஸி அனுப்பிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். சாலை வழியாகப் போனால் பள்ளி தூரம்தான், ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றின் மேல் ஒரு பாதை இருக்கிறதாம், அந்த வழியே அளந்தால் மூன்று மைலுக்குள் வந்துவிடுகிறதாம், அதற்கு மேல் இருந்தால்தான் டாக்ஸியாம், ஆகவே 'துணைக்கு ஒரு பெரியவருடன் நடக்கத் தகுந்த பாதை' என்று முடிவுகட்டி டாக்ஸியை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் தினமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிற குன்று அது. அதில் பாதை இருப்பதை எங்கோ நகரத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கண்டுபிடித்தார்? கம்ப்யூட்டரில் கோடு போடுகிறார்களா? அந்தக் கோடு சேற்றில் இறங்கி ஏறுமா, தாண்டிக் குதித்துவிடுமா? பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிற பெரியவருக்கு யார் துணை? போன் போட்டுக் கேட்டேன்.

"அதெல்லாம் விதியில இல்லீங்க. வேணும்னா மேல்முறையீடு பண்ணுங்க, ஆளை அனுப்பி நடந்து பாக்கச் சொல்றோம்" என்றது ஒரு குரல்.

"அந்த ஆளோட நானும் நடக்கலாமா?"

"தாராளமா!"

இதற்கிடையில் வீட்டுக்காரி மொய்ரா பாடுதான் திண்டாட்டம். பேக்கரியில் விடியுமுன் மாவு பிசைய வேண்டியவள், ரோவீனாவைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் வலிப்பு வந்ததிலிருந்து நான் காரைத் தொடக் கூடாது. "மாசக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் போட்ட மேல்முறையீட்டுக்கு ஒருவழியாக அதிகாரி வந்தார், திருமதி ஆட்கின். குதிகால் உயர்ந்த செருப்போடு யாராவது வந்து முதல் வேலியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று நான் போட்டிருந்த கணக்கு தப்பிப்போனது. சேறு காய்ந்த பூட்ஸ், கைத்தடி, முதுகில் பை. "எங்க வேலையில இப்படி ஒரு நாள் அமையறது அபூர்வம் சார்!" என்று சொல்லிவிட்டு ஆடுபோல ஏறினார். நான் மூச்சிரைக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். "நீங்க எப்பவாவது வழி தவறியிருக்கீங்களா?" என்றேன். "ஒரே ஒரு தடவை. எங்க கவுன்சிலோட கார் நிறுத்தற இடத்துல" என்றார்.

மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் கூட்டமாக எங்களை நோக்கி ஓடிவந்தன. நான் கல்சுவரின்மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர், "போங்கடி அந்தப் பக்கம்" என்றார், போய்விட்டன. "கிடாரிங்க சார். யாரு வர்றாங்கன்னு வேடிக்கை பாக்குதுங்க, அவ்வளவுதான்." அப்புறம் சதுப்பு என் வலது பூட்ஸை விழுங்கிக்கொண்டது. அவர் கைத்தடியை நீட்டி என்னை மட்டும் மீட்டார். ஒற்றைக் காலுறையோடு ஓடைக்கரைக்கு வந்தேன். அவர் கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய்விட்டார். நான் நின்றுவிட்டேன்.

"வாங்க சார், முட்டி வரைக்கும்தான் தண்ணி!"

"நிக்கிறவனுக்குத்தான் முட்டி வரைக்கும். விழறவனுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. உரக்கக் கத்திச் சொன்னேன்: "எனக்கு வலிப்பு இருக்கும்மா! நடு ஓடையில வந்துச்சுன்னா என் பொண்ணு என்ன பண்ணுவா? அவளுக்குப் பன்னெண்டு வயசு. என்னைத் தூக்குவாளா?"

கல்லெல்லாம் பார்க்காமல் தண்ணீரிலேயே இறங்கித் திரும்பி வந்தார் அந்த அம்மாள். "இதை ஏன் மேல்முறையீட்டுல சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கேட்டிருந்தோம் சார்."

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவர் பையிலிருந்து முட்டை சாண்ட்விச்சை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். பாறைமேல் உட்கார்ந்து நனைந்துகொண்டே தின்றோம். கடைசியில், "பாதையில ஒரு குறையும் இல்ல சார். துணைக்கு வர்ற பெரியவர்தான் நடக்கத் தகுந்தவர் இல்லன்னு சொல்லப்போறேன். பரவாயில்லையா?" என்றார். அக்கா, இவ்வளவு சந்தோஷமாக நான் இதுவரை அவமானப்பட்டதில்லை.

டாக்ஸி திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வருகிறது. மொய்ராவிடம் சொன்னேன். "நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு நான் கல்யாணமான நாள்லேந்து சொல்றேன். கவுன்சில் சொன்னாத்தான் எடுபடுது" என்று சிரித்தவள், அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே எங்களைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு ஒரு தடவல். உங்கள் ஊர்ப்பக்கம் வெயில் அடிக்க வாழ்த்தும்,

உன் தம்பி
லையனல்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. டாக்ஸி வாசலில் நிற்க, ரோவீனா ஏற மாட்டேன் என்றாள். பக்கத்துப் பண்ணைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஜெசமி என்கிற பெண்ணோடு குன்று ஏறிப் போகிறாளாம். "டாக்ஸியில தனியா உக்காந்து யாருகிட்டப்பா பேசறது?" என்று கேட்டுவிட்டு இருவரும் ஓடியே போய்விட்டார்கள். எனக்கு உயிரே இல்லை. டாக்ஸியில் நானே ஏறிப் பள்ளி வாசலில் போய் நின்றேன். சிரித்துக்கொண்டே குன்றிலிருந்து இறங்கி வந்தார்கள், காலுறைகூட நனையவில்லை. "ஓடையை எப்படிடீ தாண்டினீங்க?" என்றேன். "பாலத்துலதான்" என்றாள். ஓடை வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம், கைப்பிடியோடு. அக்கா, இதை ஆட்கின் அம்மாளிடம் நான் சொல்ல வேண்டுமா?