குழி பாயும் ஆறு பிஸ்டன் பின்களும்

தாம்பரத்துக்குத் தெற்கே, என் பொறுமையைக் குழி பாய் அளவுக்குத் தேய்த்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இத்தனைக்கும் அவர் வேலையே தேய்மானத்தைக் குறைப்பதுதான்.

படப்பை பக்கம் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. லேசர் மெஷின் அவர் பொறுப்பு. பளபள இரும்பின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிக் குழிகளை ஆயிரக்கணக்கில் போடுவார்; அதனால் கம்பெனிக்கே அவர் குழி பாய். நான் தர ஆய்வாளர். இரும்பில் ஒரு குழி தெரிந்தாலும் கழித்துக்கட்டத்தான் எனக்குச் சம்பளம். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் விளங்குமா?

"வழவழன்னு இருந்தாத்தானே பாய் உரசாது?" என்று முதல் நாளே கேட்டுத் தொலைத்தேன்.

"அங்கதாம்மா அல்லாரும் ஏமாந்துகினு கீறீங்க. ரொம்ப வயவயன்னு இருந்தா எண்ணெ நிக்காது, இரும்பும் இரும்பும் ஒட்டிகினு தேயும். குயி இருந்தா எண்ணெ உள்ள குந்திக்கும். வேணுங்கறப்போ வெளிய வரும்."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. கேன்டீனில் என் தோசையைப் பிடுங்கி, அதன் பொத்தல்களைக் காட்டி, "பாத்தியா, எண்ணெ எங்க நிக்குது?" என்று பாடம் எடுப்பார். இட்லி சாப்பிடுகிறவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் தோளைத் தட்டி, "நைனா, உன் இன்ஜின் அழுவுது" என்பார். அந்த அப்பாவியும் வண்டியை ஓரங்கட்டுவார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் லேட்.

அதைவிடக் கொடுமை, எந்தப் பெட்டியிலும் உள்ளே இருப்பது இன்னதென்று எழுதி டேக் கட்ட மாட்டார். தொண்டை வற்றக் கத்துவேன். "குயி தெரியல? அதான் டேக்கு" என்பார்.

என் வேலை நிரந்தரமாவதை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்து ஆறு பிஸ்டன் பின்கள் என் மேஜைக்கு வந்தன. விரல் பருமன் உருளைகள். எனக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மேலே கிடந்த எண்ணெய்த் துணியை அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டேன். டேக் எதுவும் கண்ணில் படவில்லை, பின்களில் மங்கலாகப் புள்ளிகள். துரு அரித்துவிட்டது என்று முடிவுகட்டி பாலிஷுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, அவற்றைச் சோதனைக்கு வாங்கிப்போக வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்தார். குழி பாய் ஒரு பின்னை எடுத்துத் தடவினார். ஒரு நாள் உழைப்பு. ஒரு குழிகூட மிச்சமில்லை.

"மூஞ்சி தெரியுதே இதுல!" என்றார். அதைவிடப் பெரிய வசவு அவருக்குத் தெரியாது.

"டேக் இருந்துச்சா, இல்லையா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நான் எந்தக் காலத்துல சார் டேக்கு கட்டிக்கீறேன்? அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்றார் குழி பாய்.

அதை நம்பாதவர் அங்கே ஒருவரும் இல்லை. மேனேஜர் அவரைப் பிடித்து வறுத்தெடுத்தார். பாவி மனுஷர் அத்தனையும் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல்கூட மெஷினில் நின்று, ஆறு பின்னிலும் மறுபடி குழி போட்டுக்கொடுத்தார். என் வேலை தப்பியது.

சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த எண்ணெய்த் துணியை உதறிக்கூடப் பார்க்கவில்லையே என்று குப்பைத் தொட்டியைக் கிளறினேன். நான் சுருட்டிப் போட்ட துணிக்குள் ஒரு அட்டை, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கோணல்மாணலாகக் கொட்டை எழுத்து:

"தங்கச்சி, இது துரு இல்ல. குழி. பாலிஷ் போட்டுடாதம்மா."

தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷர் வாழ்நாளில் கட்டிய ஒரே டேக் அது. எனக்காகக் கட்டியிருக்கிறார்.