கண்ணைப் பார்த்தால்தான் டிக்கெட்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் அந்தக் காலத்தில் ஆட்டுக்குட்டியோடு ஏறலாம், தக்காளிக் கூடையோடு ஏறலாம், சாமர்த்தியம் இருந்தால் ஓசியில்கூடப் போகலாம். கண்டக்டர் கோவைப்பழத்தின் கண்ணைப் பார்க்காமல் மட்டும் போக முடியாது.

ஐம்பதுகளின் நடுவில், ஓசூரில் குமாஸ்தாவாக இருந்த நான் தினமும் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தேன். ஒரு நாள் கண்டக்டருடைய இடது கண் கோவைப்பழமாகச் சிவந்தது. அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

சிவந்த கண்ணை ஏறிட்டுப் பார்த்தால் பார்த்தவனுக்கும் கண்வலி வரும் என்பது நம் ஜனங்களின் அசைக்க முடியாத சித்தாந்தம். அவர் ஏறியதும் பஸ் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பின்னங்கழுத்துகளிடம்தான் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார் மனுஷர். முகத்தைத்தான் பார்க்க மாட்டார்கள், வைத்தியம் சொல்ல ஒருவரும் தவற மாட்டார்கள்.

"நந்தியாவட்டைப் பூவ வச்சிக் கட்டுப்பா" என்று ஒரு கழுத்து சொல்லும்.

"தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுடு" என்று இன்னொரு கழுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேருக்கு நேர் பார்த்த பாவி நான் ஒருவன்தான். எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றால் கேட்க ஆளில்லை.

அவர் பெங்களூர் போய்ப் பெரிய கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். அது ஒட்டுகிற கண்வலியே இல்லையாம். கண்ணுக்கு உள்ளே, கருவிழிக்குப் பின்னால் அழற்சி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் பார்வையே போய்விடும். பெயர் இரிடோசைக்ளைட்டிஸ். அதை அவர் ஊர்ப்பெயரோடு சேர்த்தே கூவ ஆரம்பித்தார்.

"கெலமங்கலம் எறங்கு! இது இரிடோசைக்ளைட்டிஸ், ஒட்டாது, எறங்கு!"

பெயரே இத்தனை நீளமென்றால் நோய் எத்தனை பொல்லாததோ என்று ஜனங்கள் ஜன்னலோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்கள். அன்றைக்கே அவர் புதுச் சட்டம் போட்டார்.

"என் கண்ணப் பாத்து வாங்கறவங்களுக்குத்தான் டிக்கெட். இல்லன்னா வண்டி நவுராது!"

தமிழில் பாரு, தெலுங்கில் சூடு, கன்னடத்தில் நோடு என்று மூன்று பாஷையிலும் அதட்டினார். ஒரு தக்காளி வியாபாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். "தொறய்யா கண்ண!" என்று இவர் கத்த, அவர் மாட்டேன் என்று தலையாட்ட, வண்டியின் மேலே கூடையிலிருந்த தக்காளி வெயிலில் வதங்கியது. டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

புகார் பஸ் முதலாளிக்குப் போனது. மறுநாள் காலை அவரே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். கோவைப்பழமோ பெண்டாட்டி பிள்ளைகள் உள்ள மனுஷர். வேலை போனால் அந்தச் சொட்டு மருந்துக்குக்கூட வழியில்லை. ஒட்டாத வியாதிக்கு இப்படி ஒரு தண்டனையா?

முதலாளி வெளியே பார்த்தபடி, "நாளையிலருந்து நீ வரவேணாம்பா" என்றார்.

"யார்கிட்ட சொல்றீங்க மொதலாளி? ஜன்னல்கிட்டயா?"

"உங்கிட்டத்தான்."

"அப்ப என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. பையி, விசில் எல்லாத்தயும் குடுத்துட்டு இங்கியே எறங்கிக்கறேன்."

முதலாளியின் கழுத்து கொஞ்சம் திரும்பியது. பிறகு பழையபடி ஜன்னலுக்கே போய்விட்டது. இவர் குனிந்து அவர் காதருகே நின்றார்.

"சொல்லுங்க மொதலாளி. காத்துக்கினு இருக்கேன்."

ஓசூர் வரைக்கும் காத்திருந்தார். பத்து பஸ் வைத்திருந்த அந்த மனுஷருக்கு ஒரு கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இறங்கும்போது பஸ் படியைப் பார்த்து, "மருந்த ஒழுங்கா வுடு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மருந்து வேலை செய்தது. கண் வெளுத்ததும் பஸ் மொத்தமும் அவர் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது. அவருக்குத்தான் கோபம் ஆறவில்லை.

"இப்ப என்னாத்துக்குப் பாக்கறீங்க? போயி ஜன்னலப் பாருங்க!"

எனக்கு மட்டும் ஒரு நொடி நின்று, இரண்டு கண்ணாலும் பார்த்து டிக்கெட் கொடுப்பார். அதற்கப்புறம் எத்தனையோ பஸ் ஏறிவிட்டேன். அப்படி என்னைப் பார்த்து யாரும் டிக்கெட் கொடுத்ததில்லை.