வயல் ராஜாவின் முதல் ரசிகர்

எங்கே பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று ஹாஜறா வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். கையிலே போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ‘மதினி’ என்று விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் பாடமாக்கச் சொன்ன எதுவும் அவளுடைய தலையில் நின்றதில்லை. எட்டாம் ஆண்டோடு நின்றுகொண்டதே அதனால்தான். இப்போது அவளுடைய நாற்பத்தேழாவது வயதில் கூடப்பிறந்த மூத்த காக்கா றஊப் திரும்பவும் பாடம் கொடுத்திருந்தார். மூன்றே மூன்று வசனம். காக்கா காலையிலே வயலுக்குப் போனார். இடையில் வந்து தண்ணீர் குடித்தார். திரும்பவும் வயலுக்குப் போய்விட்டார். வரிசை மாறக்கூடாது என்று ஏழு தடவை சொல்லியிருந்தார்.

ஹாஜறா போனை எடுத்து ஸலாம் சொன்னாள். மதினி ஜெஸீமா சுகம் விசாரித்துவிட்டு, அவர் அங்கே வந்தாரா என்று கேட்டாள்.

“ஓம் மதினி. திரும்பப் போயிட்டார். வந்து தண்ணி குடிச்சார். காலையில போனார்.”

“எங்க போனார்?”

“வயலுக்குத்தான். போய் வந்து போயிட்டார்.”

 பிறகு ஜெஸீமா, வெயில் கடுமை, வந்தால் எலுமிச்சங்காய் கரைத்துக் கொடுங்கள் மதினி, பாவம் மனிசன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஏசியிருந்தால் ஹாஜறாவுக்கு இவ்வளவு வெட்கம் வந்திருக்காது.

பாவப்பட்ட மனிசன் அவளுக்குப் பின்னால், அறைக்குள், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். காதிலே ஒரு பெரிய ஹெட்போன். கம்பியூட்டர் விளையாட்டு ஒன்றில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார். சவளக்கடைக் கிராமத்தில் இருக்கிற மூன்று ஏக்கர் நெல்லைத் திரும்பிப் பாராத மனிதர், எந்த நாட்டிலோ இருக்கிற கோதுமையை ஒரு கதிர் விடாமல் அறுத்தார்.

இது எப்படி வந்தது என்றால், எங்கள் ஊர்ப்பக்கத்து வழமையினால் வந்தது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீடும் பெண்ணுக்கு, வயலும் பெண்ணுக்கு. றஊப் காக்கா இருபத்தாறு வருடமாக ஜெஸீமாவின் வீட்டில் இருந்து, ஜெஸீமாவின் வயலைச் செய்து, ஜெஸீமாவின் நான்கு சகோதரிமாருடைய வீடுகளுக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஒரு மச்சினிச்சி. கிணற்றடிக்குப் போனால் இன்னொரு மச்சினிச்சி. இப்படிப்பட்ட ஆணுக்கு ஒளிப்பதற்கு உலகத்தில் ஒரேயொரு இடம்தான் உண்டு. அது உம்மாவின் வீடு. அந்த வீடு ஹாஜறாவுக்குச் சீதனமாக வந்திருந்தது. அவளைக் கட்டிய மாப்பிள்ளை கட்டார் நாட்டில் வேலை. பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடத்தில். ஒரு அறை சும்மா கிடந்தது.

கம்பியூட்டர் காக்காவின் மகள் அம்ஹாவுடையது. அவள் கெம்பஸுக்குப் படிக்கப் போனபின் தூசி பிடித்துக் கிடந்தது. காக்கா அதைப் பழுது என்று ஜெஸீமாவிடம் சொல்லி, திருத்தக் கொடுப்பதாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து ஹாஜறாவின் வீட்டில் இறக்கினார். அன்றைக்கே ஹாஜறா மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூத்த காக்கா. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்.

விளையாடினதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் வந்து, இனிமேல் விளையாடுவதைப் பதிந்து உலகத்துக்குக் காட்டப்போகிறேன் என்றார். திரையில் நடப்பதையும் ஆளின் முகத்தையும் ஒன்றாகப் பதிகிற ஒரு சொப்ட்வெயார் இருக்கிறதாம். மூலையில் சின்னதாக முகம் தெரியுமாம். பெயரும் வைத்துவிட்டார். வயல் ராஜா.

முதல் இரண்டு நாளும் கறுப்பு. விளையாட்டை மட்டும் எடு என்று சொப்ட்வெயாருக்குச் சொன்னார். அது அவருடைய குரலை எடுத்தது, படத்தை எடுக்கவில்லை. அமாவாசையில் ஒருவர் கோதுமை அறுப்பதைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் முழுத் திரையையும் எடு என்றார். எடுத்தது. திரைக்குள் திரை, அதற்குள் திரை, அதற்குள் இன்னொரு திரை, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு றஊப். ஹாஜறா எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். ஒரு றஊபை வைத்துக்கொண்டே மதினி படுகிற பாடு போதாதா.

நான்காம் நாள் எல்லாம் சரி வந்தது. இரண்டு மணித்தியாலம் விளையாடினார். சிரித்தார், விளக்கம் சொன்னார், ஸலாம் சொல்லி முடித்தார். பிறகுதான் பதிகிற பட்டனை அமத்தவே இல்லை என்று கண்டார்.

அதற்குப் பிறகு சத்தம். வெப்கேமோடு ஒரு மைக்கும் வாங்கியிருந்தார். அது ஈ பறந்தாலும் விடாதாம். பேக்கரிப் பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவால் போனால் காக்கா தலையில் கை வைப்பார். கோழி கொக்கரித்தால் ஹாஜறா ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தவேண்டும். தேங்காய் துருவக் கூடாது. மிளகாய் இடிக்கக் கூடாது. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகள் பால் விடாத கறி தின்றார்கள். ஏன் உம்மா கறி தண்ணியா இரிக்கி என்று கேட்டதற்கு அவள் என்ன சொல்வாள்? மாமா கோதுமை அறுக்கிறார் என்றா?

இதற்கிடையில் வயல். தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை புண்ணியமூர்த்தி ஹாஜறாவை வழியில் கண்டு, உங்கட காக்காவைக் காணவில்லையே, முறைத் தண்ணீரை மேல் வயல்காரன் மறித்துக்கொள்கிறான், கதிர் வெளிவரப்போகிற குடலைப் பருவத்தில் காயவிட்டால் எல்லாம் பதராகத்தான் போகும் என்று சொன்னார். ஹாஜறா வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அது மதினியின் வாப்பா மதினிக்குக் கொடுத்த வயல். அது காய்ந்து போனால் காயவிட்டது யார்? விளையாடினவர் மட்டுமா, விளையாட இடம் கொடுத்தவளும்தானே. நாளைக்கு ஊர்ப் பெண்கள் முன்னால் மதினி ஒரு வார்த்தை கேட்டால் எந்த முகத்தோடு நிற்பாள்?

காக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னாள்.

“போறன் புள்ள, போறன். இந்த வீடியோவ ஏத்திட்டுப் போறன்.”

ஏற்றினார். பதின்மூன்று நிமிடம். ஒன்பது பேர் பார்த்தார்கள். அதில் ஏழு தடவை அவரேதான். இரண்டு நாள் வாடிய முகத்தோடு இருந்தார். மூன்றாம் நாள் அறைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஹாஜறா பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினாள். ரசிகர்.

‘வெள்ளாம விரும்பி’ என்று பெயர். மாஷா அல்லாஹ், வயல் ராஜா, உங்களுடைய கை ஓட்டம் அருமை, இப்படி ஒரு உழைப்பாளியை நான் கண்டதில்லை என்று எழுதியிருந்தது. காக்கா அதைப் பன்னிரண்டு தடவை வாசித்தார். ஹாஜறாவுக்கு நான்கு தடவை வாசித்துக் காட்டினார்.

“யாரோ பெரிய வயல்காரப் போடியாரா இரிக்கும். என்ட அருமை தெரிஞ்சவர். வீட்டிலயும் ஒருத்தி இரிக்காளே, ஒரு நாள் சொல்லியிருப்பாளா?”

அடுத்த நாள் போடியார் இன்னொன்று எழுதினார். கம்பியூட்டர் வயல் நல்லதுதான், ஆனால் ராஜாவுக்குச் சொந்த வயல் இல்லையா, அதில் தண்ணீர் கட்டுவதைப் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்களே.

காக்கா அரைமணித்தியாலத்தில் சவளக்கடையில் நின்றார். மேல் வயல்காரனோடு சண்டை பிடித்துத் தண்ணீரைத் திறந்தார். போனை வரம்பில் ஒரு தடியில் கட்டி, சண்டையையும் சேர்த்துப் பதிந்தார். போடியாருக்கு நல்ல சந்தோசம். வரம்பு பற்றை பிடித்துக் கிடக்கிறதே, ராஜாவின் வயலுக்கு அது அழகா என்று கேட்டார். காக்கா இரண்டு நாளில் மூன்று ஏக்கரின் வரம்பையும் செதுக்கினார். பசளை எறிவதைப் பக்கத்தில் காட்டமாட்டீர்களா என்றார். காட்டினார். கிளிக்குக் காவல் இருப்பது எப்படி என்றார். எட்டு நாள் காவல் இருந்தார். முகம் கறுத்து, முதுகு தோலுரிந்து, இருபத்தாறு வருடத்தில் செய்யாத வேலையெல்லாம் செய்தார்.

ஹாஜறாவுக்கு ஒருபக்கம் நிம்மதி. வயல் பிழைத்துவிட்டது. மறுபக்கம் அந்த மூன்று வசனம் மனதில் முள்ளாகக் கிடந்தது. இனி உண்மையைச் சொன்னால் குற்றம் சின்னதாகத் தெரியும் என்று கணித்து, ஒரு நாள் பகல் மதினியின் வீட்டுக்குப் போனாள். ஜெஸீமா குசினியில் பலகையில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, ஒரு விசயம் சொல்லணும். பிழையாச் சொன்னா மன்னிச்சுக்கங்க.”

“இரிங்க மதினி. முதல்ல இதக் கேளுங்க.”

ஜெஸீமா கையைக் கழுவித் துடைத்துவிட்டு போனை எடுத்தாள். வயல் ராஜாவின் முதலாவது வீடியோ. ஒன்பதாம் நிமிடத்துக்குத் தள்ளினாள். திரையில் கோதுமை. மூலையில் காக்காவின் முகம். அதற்குப் பின்னால், கோழியையும் பாண்காரனையும்கூட விடாத அந்த மைக்கில், தெளிவாக, துப்புரவாக, ஒரு பெண்ணின் குரல்.

‘ஓம் மதினி. திரும்பப் போயிட்டார். வந்து தண்ணி குடிச்சார். காலையில போனார்.’

மூலையில் காக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

 ஹாஜறா முந்தானையால் முகத்தை மூடினாள். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பாள். சீமெந்து நிலம், பிளக்கவில்லை. மூடின முந்தானைக்குள் மதினியின் குரல் மெதுவாக வந்தது. காக்கா வீடியோ ஏற்றிய கம்பியூட்டர் இன்னமும் அம்ஹாவின் கணக்கில்தான் திறந்து கிடந்ததாம். ஏற்றிய மறுநிமிடமே பிள்ளையின் போனுக்குத் தகவல் போய்விட்டதாம். உம்மா, வாப்பா என்ட பேரில கோதுமை வெட்டுறார் என்று கெம்பஸில் இருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

“அப்ப அந்த வெள்ளாம விரும்பி?” என்று முந்தானைக்குள் இருந்து ஹாஜறா கேட்டாள்.

“நான் போகச் சொன்னா அவருக்குக் கால் நோவும், தலை சுத்தும். போடியார் சொன்னா ஓடுறார். என்ன செய்ற மதினி, நானும் போடியாராகிட்டன்.”

“எல்லாரும் கேட்டாங்களா மதினி? என்ட குரல?”

“தங்கச்சிமார் நாலு பேரும் கேட்டாங்க. நல்ல தெளிவான குரலாம்.”

பிறகு ஜெஸீமா இறாலைப் பார்த்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளாமை வெட்டும்வரைக்கும் காக்காவுக்கு மூச்சு விடக்கூடாது. ஹாஜறா தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? அவளுடைய பொய் இரண்டு மடங்கானது. மதினிக்குத் தெரியும் என்பது காக்காவுக்குத் தெரியக்கூடாது. ஒரு பொய்யையே வரிசையாகச் சொல்லத் தெரியாதவள், ஒரு மாதமாகக் காக்கா வாசலுக்கு வந்தால் வாயில் வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொண்டாள்.

வெட்டு மெசின் வந்தது. காக்கா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மெசினுக்கு முன்னால் நின்று, நெல் குவியலில் ஏறி நின்று, இது வயல் ராஜாவின் வெற்றி என்று பேசி ஒரு வீடியோ எடுத்தார். சுற்று வட்டாரத்தில் இல்லாத விளைச்சல். வட்டவிதானை புண்ணியமூர்த்திகூட மூலையில் நின்று கையாட்டினார். நேரே ஹாஜறாவின் வீட்டுக்கு வந்து அதை ஏற்றிவிட்டு, போடியார் என்ன சொல்வார் என்று கதிரையின் நுனியில் காத்திருந்தார். இந்த முறை அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கப்போகிறேன், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு கொடுக்கப்போகிறேன் என்றார். ஹாஜறா வெற்றிலைத் தட்டைத் தேடினாள். வெற்றிலை முடிந்துவிட்டிருந்தது.

கருத்து வந்தது. காக்கா சத்தமாக வாசித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல விளைச்சல். வரக்குள்ள ஒரு கிலோ பாரக்குட்டி மீன் வாங்கிட்டு வாங்க.”

நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார். இந்த முறை மெதுவாக. அந்தக் குரலைக் காக்கா இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுத்தில் வந்தாலும் அது அதே குரல்தான். அவருடைய முகத்தில் இருந்து போடியார் இறங்கிப் போவதை ஹாஜறா நின்று பார்த்தாள். முதலில் சிரிப்பு போனது. பிறகு நிறம் போனது. செதுக்கிய வரம்பு, எறிந்த பசளை, காவல் காத்த எட்டு நாளும் ஒவ்வொன்றாக அவருடைய கண்ணுக்குள் வந்து போயின.

மெல்லத் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார்.

“ஹாஜறா. ஒனக்கு இது தெரியுமா?”

அதே நேரம் அவளுடைய போன் அடித்தது. மதினி.

ஒரு பக்கம் சொன்னால் மற்றப் பக்கம் பகை. இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்வதற்கு அவளுக்கு வசனம் பாடமில்லை. ஹாஜறா போனை அடிக்கவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள், மீன் பையை எடுத்தாள், பின்கதவால் இறங்கினாள். சந்தையில் ஒரு கிலோ கேட்ட இடத்தில் இரண்டு கிலோ பாரக்குட்டி வாங்கினாள். காக்கா யோசித்து, எழும்பி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள், அவள் மதினியின் குசினியில் மதினிக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்து, செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் காக்காவின் நிழல் விழுந்தது. ஜெஸீமா அடுத்த மீனை எடுத்தாள். ஹாஜறாதான், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“என்ன காக்கா, வெறுங்கையோட வந்து நிக்கீங்க? மதினி மீன் வாங்கிட்டு வரச் சொன்னாங்கல்லா?”