போறணையாரின் ஜெபச் சீட்டு

கல்முனை முழுக்கத் தேடினாலும் நரகத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். ஹாஜியாரின் பேக்கரியில், போறணை என்கிற பெரிய விறகு அடுப்பில் பாண் சுடுவது அவர் வேலை. அதனால் எங்கள் சபையில் எல்லோருக்கும் அவர் போறணையார்.

நரகம் நித்தியம் என்று போதகர் பிரசங்கித்தால் போதும், முன்வரிசையிலிருந்து எழும்பிவிடுவார்.

“ஐயா, முப்பது வருசமா நெருப்போட கிடக்கிறன். சாகாமத்துக் காட்டு விறகெண்டாலும் மத்தியானத்துக்குள்ள சாம்பல்தான். ஆள் நிண்டு போடாட்டி எந்த நெருப்பும் நூந்துபோகும். அங்க விறகு போடுறது ஆரு? ஆண்டவரா?”

“இரிங்க அண்ணன், ஆராதனை முடியக் கதைப்பம்.”

முடிந்தபின் முற்றத்தில் போதகர் ஒரு வசனம் காட்டுவார், இவர் ஒரு வசனம் காட்டுவார். வெயில் உச்சிக்கு வந்துவிடும். பாண் வாங்க வருபவர்களும் தப்பமுடியாது. ஒருநாள் இந்த வாதத்தில் ஒரு தட்டுப் பாண் கரியாகிப்போனது.

“நரகத்து நெருப்ப நூக்கிறது பொறகு மனிசன், முதல்ல என்ட போறணையப் பாருங்க!” என்று கத்தினார் ஹாஜியார்.

நோயாளிகளுக்காக ஜெபிக்கும்படி சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது எங்கள் வழக்கம். வாசிப்பது என் பொறுப்பு. போறணையார் வாராவாரம் ஒரே சீட்டுத்தான் போடுவார்: ‘தம்பி செல்வன். நெருப்புக் காயம். தூர இடத்தில்.’ ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்று நாங்களும் உருகி உருகி ஜெபித்தோம். ஐந்து மாதம் கழித்துத்தான், தம்பிக்கு இப்போது எப்படி என்று கேட்டேன்.

“அவன் செத்து ரெண்டு வருசம்” என்றார்.

செல்வன் குடித்தே செத்தவன். கடைசி நாளில் ஜெபிக்கப் போன போதகரையும் ஏசித் துரத்தியவன். எங்கள் சபையிலோ இறந்தவர்களுக்கு ஜெபம் கிடையாது. விஷயம் தெரிந்ததும் போதகர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவருக்குத் தீர்ப்பு முடிஞ்சுது அண்ணன். இனி ஜெபம் உதவாது.”

போறணையார் வாதாடவில்லை. சட்டைக் கையை உயர்த்தி, முழங்கை வரைக்கும் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினார்.

“இது ஆற ஒரு மாசம் ஐயா. எனக்கே தாங்கேலாமப் போச்சு. அவன் சின்னனில தேத்தண்ணி சுட்டாலே அழுறவன்.”

அதற்குப் பிறகு அவர் சீட்டும் போடவில்லை, வாய் திறந்து விவாதிக்கவும் இல்லை. கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து போவார்.

போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். அடுத்த ஞாயிறு, சபை விதி எல்லாம் தெரிந்துகொண்டே, நானே ஒரு சீட்டு எழுதிச் சத்தமாக வாசித்தேன். போதகர் தலை குனிந்திருந்தார், தடுக்கவில்லை.

‘செல்வன். நெருப்புக் காயம். தூர இடத்தில். துணைக்கு நிற்க அண்ணன் போயிருக்கிறார்.’