இல்லாத சீழ்

“அவரு வீட்ல இல்லைங்க.”

கதவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி இப்படிச் சொன்னபோது, அந்த ‘அவரு’ கதவுக்குப் பின்னால் கட்டிலில்தான் கிடந்தான். வலது காலுக்கு அடியில் தலையணை. முழங்காலில் புது மூட்டு. மூக்கு நுனியில் ஒரு தும்மல் வெளியே வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். மற்றவர்கள் சிமெண்ட் மூட்டையை முதுகில் வாங்குவார்கள். இவன் அப்படியே அள்ளி லாரியில் வைப்பான். வைத்து வைத்தே முழங்கால்கள் தேய்ந்தன. அதில் ஒன்று அடியோடு போய், ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

“இல்லையா? அந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போனாரு அண்ணி?”

கேட்டவனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் பின்னால் இன்னும் நாலு பேர். லோடு இறக்கிய கையோடு வந்திருந்தார்கள். புருவம் வரைக்கும் சிமெண்ட். ஒருவன் இருமினான். இன்னொருவன் கட்டை விரலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தான்.

அவள் கதவை இன்னும் கொஞ்சம் ஒடுக்கினாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். கிருமி உள்ளே போய்விடக் கூடாது. கால் சிவந்தால், வீங்கினால், நீர் கசிந்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். உடம்பில் வேறு எங்கே புண் வந்தாலும் சொல்ல வேண்டும். இவ்வளவிலும் அவள் காதில் இறங்கியது முதல் வரி மட்டும்தான். கிருமி உள்ளே போகக் கூடாது. அன்றைக்குச் சாத்திய கதவு, அன்றைக்குச் சாத்திய ஜன்னல்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு.”

“எதுக்கு அண்ணி?”

சும்மா காட்டப் போயிருக்கிறார் என்றால், வரட்டும் இருக்கிறோம் என்று உள்ளே நுழைந்துவிடுவார்கள். கட்டிலில்தான் உட்காருவார்கள். காலில் போட்ட கட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான்.

“சீழ் வெச்சிருச்சு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே தும்மல் வெடித்தது.

“யாரு அண்ணி உள்ள?”

“பூனை.”

“என்ன அண்ணி நீங்க! ஆபரேஷன் பண்ணின வீட்ல பூனையை விடலாமா? கிருமி!”

கதவைச் சாத்திவிட்டு வந்தவளைக் கிரேன் முறைத்தான்.

“ஏண்டி, நல்லா இருக்கற காலுக்குச் சீழ் வெச்சு அனுப்பிட்டியே!”

“வாயால வெச்ச சீழ்தானே? அவங்க உள்ள வந்துட்டுப் போயிருந்தா நெசமாவே வெச்சிருக்கும்.”

“எல்லாத்தையும் சாத்தி என்னை அவிச்சு எடுக்கறே. ஒரு நேரம் கொதிக்குது, ஒரு நேரம் பல்லு கிட்டுது. கால் வேற நேத்தைக்கு மேல இன்னிக்குக் கனக்குது.”

“படுத்தே கெடந்தா கனக்காம? கொஞ்சம் பொறுத்துக்குங்க. கிருமிக்குப் பொறுமை கெடையாது, நமக்கு இருக்கணும்.”

ரேடியோவுக்கும் பொறுமை கிடையாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வார்டாகத் தேடியிருக்கிறான். ஆள் இல்லை. மதியம் போன் அடித்தது.

“அண்ணி, எங்கயும் காணோமே! யாரையும் உள்ள விடாத ரூமுக்குக் கொண்டுபோய்ட்டாங்களா?”

வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் மறுபடி கதவைத் தட்டுவான். அவள் யோசித்தாள்.

“ம்” என்றாள்.

அந்த ஒரு ‘ம்’ போதுமானதாக இருந்தது. லாரி ஷெட்டைத் தாண்டும்போது சீழ் முழங்காலில் இருந்தது. டீக்கடைக்கு வந்தபோது தொடைக்கு ஏறியது. கிடங்குக்குள் நுழைந்தபோது காலையே எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கிடங்கு மேஸ்திரியே போனில் பேசினார்.

“தங்கச்சி, மனசைத் தளர விடாதே. வாசல் கேட்டு நாற்காலியைப் பத்தி அவன் ஒண்ணும் யோசிக்க வேணாம்னு சொல்லு. அதுல ரேடியோவை உக்கார வெச்சுட்டேன்.”

போனைப் பிடுங்க எழுந்த கிரேன், முழங்கால் சுளீர் என்று இழுக்க, அப்படியே விழுந்தான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கு வாசலில் கிடக்கும் மர நாற்காலி. ஒரு கை உடைந்தது. லாரி வந்தால் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கால் தேறி வந்தால் அது உனக்குத்தான் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். மூட்டை தூக்க இனி முடியாது, டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு தொழிலும் தெரியாது. இந்த உடம்பை ஏற்றுக்கொள்ள உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒற்றைக்கை நாற்காலி ஒன்றுதான். அதையும் பூனை கொண்டுபோய்விட்டது.

அவனே போன் போட்டான்.

“மேஸ்திரி, நான்தான். எனக்கு ஒண்ணும் இல்லை. சீழும் இல்லை, கீழும் இல்லை. நல்லா இருக்கேன்.”

அந்தப் பக்கம் மேஸ்திரி போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ சொன்னது தெளிவாகவே கேட்டது.

“காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சுடா. ஒளர்றான்.”

கிரேன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் கஞ்சி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றான். சிமெண்டுக்கு மேலே விழுந்து புரண்டு உழைத்த இத்தனை வருஷத்தில், என்னை நம்பு என்று அவன் யாரையும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஒரு தடவை, உளறல் ஆகிவிட்டது.

“நேர்ல போய் நிக்கறேன். நிக்கற மனுசனைப் பார்த்தா நம்பித்தானே ஆகணும்?”

“சிமெண்டுத் தூசிக்குள்ளயா? என்னைக் கொன்னுட்டுப் போங்க.”

“நீ சொன்ன பொய்க்கு நான் ஏற்கெனவே செத்துட்டேண்டி.”

மறுநாள் காலையில் அவள் அவன் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் பாலிதீன் பையைச் சுற்றி, காற்றுப் புகாமல் டேப் ஒட்டினாள். வாய்க்கு முகமூடி, கைக்கு உறை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிரேன் கிடங்கு வாசலில் போய் நின்றபோது, அவனைப் பார்த்து லோடு ஏற்றுவது நின்றுபோனது.

நாற்காலியில் இருந்த ரேடியோ துள்ளி எழுந்தான்.

“அண்ணே! கால் இருக்கா!”

“இருக்குடா. பாரு. எல்லாரும் நல்லாப் பாருங்க.”

பார்த்தார்கள். நடந்து வந்த சூட்டில் பாலிதீனுக்குள் ஆவி கட்டியிருந்தது. வேர்வை கோடு கோடாக இறங்கிக் கணுக்கால் பக்கம் தேங்கி ஆடியது.

“அய்யய்யோ, ஒழுகுதுடா!” என்றான் கட்டை விரலில் துணி சுற்றியவன்.

“வேர்வைடா மடையா!” என்று கிரேன் டேப்பைப் பிய்க்கக் குனிந்தான்.

“தொடாதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!” என்று மனைவி அலறினாள்.

தூசிக்குப் பயந்துதான் அலறினாள். ஆனால் கேட்டவர்கள் அத்தனை பேரும் மூட்டையைப் போட்டுவிட்டு மூன்று அடி பின்னால் போனார்கள். மேஸ்திரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஒட்டுவாரொட்டியா தங்கச்சி? முன்னாடியே சொல்லக் கூடாதா?”

கிரேனுக்குக் கண் இருட்டியது. கீழே விழாமல் இருக்க, காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இத்தனை நாள் ஆசைப்பட்ட இடம். உடம்பு வெடவெட என்று நடுங்கியது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“பாருங்க, நடுங்கறான்” என்றார் மேஸ்திரி.

“கோவத்துல நடுங்கறேன்!”

“சரிடா, சரி. ரேடியோ, இவன் போனதும் நாற்காலியைக் கழுவி வெயில்ல போடு.”

அதைக் கேட்டதும் கிரேன் அழுதுவிட்டான். கிரேன் அழுது கிடங்கில் யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. எட்டி நின்றபடியே சொன்னார்.

“இங்க பாரு. சீழ் இல்லைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க வாயால ஒரு வார்த்தை என் காதுல விழட்டும். நாற்காலி உனக்குத்தான். ரேடியோவைத் திரும்ப மூட்டைக்கு அனுப்பிடறேன்.”

“அந்த வார்த்தை சீக்கிரம் விழாம இருக்கணும்” என்று ரேடியோ முணுமுணுத்தது, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். அதிகம் பேசாதவள். கிரேனின் மனைவி மேஸ்திரியைப் போனில் பிடித்து, போனை மேஜைமேல் வைத்தாள்.

“சிஸ்டர், சீழ் இல்லைன்னு இதுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“பாக்காம எப்படிம்மா சொல்றது?”

நர்ஸ் பாலிதீனை வெட்டினாள். கட்டைப் பிரித்தாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள். வாயில் தெர்மாமீட்டரைச் செருகி எடுத்தாள்.

“பல்வலி ஏதாவது உண்டா?”

“கடவாப்பல் ஒண்ணு கொஞ்ச நாளாக் கொடையுது. ஏங்க, அதுக்கும் காலுக்கும் என்னங்க?”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே!” என்றாள் மனைவி.

“சொன்னா வாயையும் சாத்தியிருப்பே.”

நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் முழங்காலில் ஊசி இறக்கி ஏதோ உறிஞ்சி எடுத்தார். கையிலிருந்து ரத்தமும் எடுத்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேஜைமேல் போன் மட்டும் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தைக்கு இத்தனை சடங்கா என்று கிரேன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து மனைவி உடைந்துபோனாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, கதவு தட்டியதிலிருந்து நாற்காலியைக் கழுவச் சொன்னது வரை ஒன்று விடாமல் கொட்டினாள்.

“எல்லாம் நான் சொன்ன பொய்தான் சிஸ்டர். நல்லா இருக்கற மனுசனுக்கு இல்லாத சீழை வெச்சு அவரு பொழப்பையே கெடுத்துட்டேன். அது பொய்யின்னு நீங்களே சொல்லிடுங்க.”

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். நர்ஸ் போனாள். திரும்பி வந்தவள் கிரேன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாங்கி அப்பால் வைத்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஆபரேஷனுக்குப் போடும் பச்சை அங்கியைப் பிரித்தாள்.

“ஹலோ! பொய்தானே சிஸ்டர்?” என்றது மேஸ்திரியின் குரல்.

நர்ஸ் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்:

“பல்லுல இருந்து எறங்கின கிருமி போல. இப்ப தொறந்து கழுவினாப் போதும்மா. இந்தப் பொய்யை நீங்க இன்னும் நாலு நாள் கழிச்சுச் சொல்லியிருந்தா, உள்ள வெச்சதையே கழட்டியிருக்கணும்.”