எலாடியோ போட்ட கூரை

மழை தொடங்கி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அதில் கடைசி ஒன்பது நாள் எலாடியோவின் சமையலறைக்குள்ளும் பெய்தது.

பெரிய மழை இல்லை. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, பரணைத் தாங்கும் ஊறிப்போன பலகைகளின் இடுக்கிலிருந்து நிமிடத்துக்கு ஏழு சொட்டு. மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பழைய தகரத் தொட்டியை வைத்திருந்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் அது டங் என்று அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது.

தொட்டி அவருடைய மனைவி எர்மிதாஸுடையது. போன ஏப்ரலில் அவள் இறந்தபின் அவர் பரண் பக்கமே போகவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஏறினார். அந்த வருடம் அதிசயமாக மழை பிந்தியிருந்தது. பரண் காய்ந்து கிடந்தது. நடுவில் இந்தத் தொட்டி மட்டும் தனியாக நின்றது. வெட்டிய மரத்தில் தெரிவதுபோல உள்ளே வளையம் வளையமாகக் கறை.

மகள் உஷியாவைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டிய தொட்டி. கறை சோப்பினுடையது என்று நினைத்துக்கொண்டார். அந்தக் குளியல்களில் அவர் பார்த்தவை குறைவு. வருடத்தில் பத்து மாதம் அயர்லாந்துக்கு அப்பால் மீன்பிடிக் கப்பலில் இருந்தார். தொட்டியின் நசுங்கிய விளிம்பை ஒருமுறை தடவினார். பிறகு சுமந்து கீழே கொண்டுவந்து அடுப்போரம் விறகு போட வைத்துக்கொண்டார்.

ஒழுகல் அவருக்கு ஒரு பொருட்டில்லை. உஷியாதான் பொருட்டு. அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே, விகோ நகரத்தில் தன் ஃபிளாட்டுக்கு வந்துவிடும்படி அவள் சொன்னாள். ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். அவர் மாட்டேன் என்றார். கடைசியில் அவளே ஒரு நிபந்தனை வைத்தாள்: கூரை ஒழுகாதவரை அவர் இங்கே இருக்கலாம், ஒழுக ஆரம்பித்தால் பெட்டியைக் கட்டிவிட வேண்டும்.

எலாடியோ சிரித்தபடி கைகொடுத்தார். உஷியா ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது அவரே போட்ட கூரை. கல்யாணத்துக்கு முந்தைய கோடையில், மூன்று வாரத்தில், ஒவ்வோர் ஓடாகத் தன் கையால் அடுக்கியது. "முப்பத்தாறு வருஷம். ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல" என்று மதுக்கடையில் அவர் சொல்லாத வாரம் கிடையாது. கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொள்வார்கள்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு விருந்துக்கு உஷியா வருவதாக இருந்தது. இன்று புதன்.

பக்கத்து வீட்டுக் கசில்தா முட்டை கொடுக்க வந்தவள், சுவரோரம் இருந்த மேசையையும் நடுவில் இருந்த தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராகப் பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. கசில்தாவிடம் அறவே இல்லை. அவள் பேச்செல்லாம் கேள்விதான்.

"இந்தத் தொட்டி இங்க என்னண்ணே பண்ணுது?"

"தண்ணி பிடிக்குது."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"பரண்ல சும்மா கிடந்துச்சு."

"சும்மாவா?" என்றாள். அவர் ஏணியைத் தேடப் போய்விட்டதால் பேச்சு அதோடு நின்றது.

இடுப்பில் கயிறு கட்டி, புகைபோக்கியில் கப்பல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறினார். முடிச்சு அருமையான முடிச்சு. ஆனால் கப்பல் தளத்தில் கால் வைப்பது வேறு, ஓட்டின்மேல் கால் வைப்பது வேறு. தளம் ஆடும்; ஓடு ஆடாது, உடையும். ஒழுகும் இடத்தைத் தேடிப் போனவர் நாலு ஓடுகளை உடைத்துவிட்டு இறங்கினார். சமையலறையில் இப்போது மூன்று இடத்தில் சொட்டியது.

வியாழக்கிழமை மீன்பிடித் துறையிலிருந்து ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து கூரைமேல் விரித்து, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். கட்டிய விதத்தில் அது பாயாக இல்லை, கப்பல் பாயாக ஆகிவிட்டது. மதியம் தென்மேற்குக் காற்று எழுந்ததும் வயிறு புடைத்துக்கொண்டு கிளம்பி, மேலும் ஆறு ஓடுகளைக் கூட்டிக்கொண்டு கசில்தாவின் கோழிக்கூட்டின்மேல் போய் இறங்கியது.

கசில்தா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இனிமேல் கோழி முட்டையிடுமா என்று விசாரித்தாள். ஓடு மாற்ற ஓர் ஆளைக் கூப்பிட்டால் என்ன என்றும் கேட்டாள். கூப்பிடலாம், ஆனால் கொத்தனார் விகோக்காரர், சொன்னது சாயங்காலத்துக்குள் உஷியா காதுக்குப் போய்விடும் என்றார் எலாடியோ.

வெள்ளிக்கிழமை காலை படுக்கையில் கிடந்தபடி யோசித்தார். தனக்கு வீடு தெரியாது, படகு தெரியும். படகில் தண்ணீர் வந்தால் என்ன செய்வோம்? பலகை இடுக்கில் சணல் நாரைத் திணித்து, மேலே சூடான தாரைப் பூசுவோம். சமையலறையின் மேற்பலகையும் பலகைதானே.

அன்று முழுக்க அண்ணாந்து நின்று, ஒவ்வோர் இடுக்காக நாரை அடித்து இறக்கினார். தார் மீசையில் சொட்டியது. மாலையில் எல்லாம் முடிந்தபோது சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. தொட்டியை மறுபடி அடுப்போரம் தள்ளி விறகை நிரப்பினார். மேசையை நடுவுக்குக் கொண்டுவந்து, எர்மிதாஸ் உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சனிக்கிழமையும் ஒரு சொட்டு இல்லை. கசில்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கருப்புக் கோடு கோடாக இருந்த பலகைகளை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"மழை நின்னுடுச்சாண்ணே?"

"இல்லயே. கொட்டுதே."

"அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?"

பூசியது நல்ல தார் என்றார் எலாடியோ.

ஞாயிறு மதியம் உஷியா வந்தாள். தார் வாசனை என்ன என்றாள். படகுக்குப் பூசியது என்றார். அவரிடம் படகு கிடையாது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. உப்புப் போட்ட பன்றித்தோள் பெரிய பானையில் டர்னிப் கீரையோடு வெந்துகொண்டிருந்தது. கசில்தா மெல்லிய மாவு அப்பங்களை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் பானையின் மூடியைத் திறந்தபோது தலைக்குமேல் ஒரு முனகல் கேட்டது.

பலகை தாங்க முடியாமல் முறுக்கிக்கொள்ளும் சத்தம். அந்தச் சத்தத்துக்குக் கப்பலில் எத்தனையோ முறை தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்தார். மேற்பலகை நிறைமாத வயிறுபோல் கீழே தொங்கியது. கலம் ஒன்றும் ஒழுகவில்லை, நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். தண்ணீர் மட்டும் உள்பக்கம் இருந்தது.

"எந்திரிங்க. எல்லாரும் சுவரோரம் போங்க" என்றார், கப்பல் குரலில்.

"ஏன்?" என்று கேட்டாள் கசில்தா.

பலகை பதில் சொன்னது. இரண்டு நாள் மழை ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தது. பன்றித்தோள் தரையில் நீந்தி அடுப்படியில் கரை ஒதுங்கியது. அப்பங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டன. எர்மிதாஸின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. உடைந்த பலகை வழியே, பழைய இடத்திலிருந்தே, சொட்டு மறுபடி விழ ஆரம்பித்தது.

எலாடியோ நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். தலையிலிருந்து ஒரு கீரை இலையை எடுத்துப்போட்டார்.

"சரிம்மா. பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். "பெட்டி கட்டில் அடியில இருக்கு. முப்பத்தாறு வருஷம் ஒரு சொட்டு விடல இந்தக் கூரை. அவ போயிட்டா, அதுவும் போயிடுச்சு. என்னோட இருக்க அதுக்கும் பிடிக்கல போல."

உஷியா அடுப்போரம் போய்த் தொட்டியிலிருந்த விறகைக் கவிழ்த்தாள். அதை இழுத்துவந்து ஓட்டைக்கு நேர் கீழே வைத்தாள். அண்ணாந்து பார்க்கவில்லை. ஓர் அரைச் சுற்றுச் சுற்றி, நசுங்கிய விளிம்பு ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பினாள். காலால் ஒரு தட்டு தட்டினாள். அடுத்த சொட்டு சத்தமே இல்லாமல் உள்பக்கச் சரிவில் விழுந்து வழிந்தது.

இத்தனை நாளும் டங் டங் என்று கேட்டிருந்த எலாடியோ தொட்டியைப் பார்த்தார்.

கசில்தா ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அதை எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க, உஷியா?"

உஷியாவின் முகம் சிவந்தது. கசில்தா விடவில்லை.

"சின்ன வயசுல பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி தினமும் பரணுக்கு எதுக்குடி ஏறுவ?"

உஷியா அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் மீசையிலிருந்த தாரைப் பார்த்தாள்.

"தொட்டியக் காலி பண்ணத்தாம்ப்பா" என்றாள். "நீங்க போட்ட கூரை, கல்யாணத்தன்னைக்கு ராத்திரியிலேர்ந்தே ஒழுகுது."