இருபத்தோரு எழுத்துப் பூட்டு

"கடவுச்சொல் தவறு" என்று கணினி ஒன்பதாவது முறையாகச் சொன்னபோது தலைமை எழுத்தருக்கு மூக்கு நுனியில் வியர்த்தது.

காலை மணி பதினொன்று. நாளைக் காலை இறுதித் தேர்வு. கல்லூரியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கான ஹால் டிக்கெட்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் வாங்க வருவார்கள். ஹால் டிக்கெட் இல்லாமல் தேர்வு அறைக்குள் கால் வைக்க முடியாது.

போன வாரம் வரை இந்தத் தொல்லை இல்லை. அப்போது கடவுச்சொல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அது கேண்டீன்காரருக்கும் தெரியும். பிறகு பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு நாள் உட்கார வைத்தார்கள். அங்கே பேசியவர் காட்டிய பூச்சாண்டியில், தலைமை எழுத்தர் வந்த கையோடு இருபத்தோரு எழுத்தில் புதிய சொல் வைத்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஒரு நட்சத்திரக் குறி எல்லாம் அதில் உண்டு.

"இனி எமனே வந்தாலும் திறக்க முடியாது" என்று தட்டச்சரிடம் பெருமையடித்தார். எமன் முயன்று பார்க்கவில்லை. அவரால்தான் திறக்க முடியவில்லை.

"பதறாம ஒரு தடவை நிதானமா அடிங்க சார்" என்றாள் தட்டச்சர்.

நிதானமாக அடித்தார். இனி அரை மணி நேரத்துக்கு உன்னோடு பேச்சில்லை என்று கணினி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கீபோர்டுல ஏதோ எழுத்து சரியா அமுங்கல" என்று சொல்லி அதைக் கவிழ்த்துத் தட்டினார். பிஸ்கட் தூள் விழுந்தது, ஒரு குண்டூசி விழுந்தது, கடைசியாக எண் எட்டு கழன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. கடவுச்சொல்லில் ஓர் எட்டு இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறுதியாக நினைவு வந்தது.

மனைவிக்குப் போன் போட்டார். "நேத்துப் போட்ட நீலச் சட்டைப் பையில ஒரு சீட்டு இருக்கும். எடுத்துப் படி."

"அது துவைச்சுக் கொடியில காயுதுங்க." கொடிக்குப் போய்ப் பையைத் துழாவினாள். "சீட்டு இருக்கு. ஆனா உருண்டையா இருக்கு."

"ஏதாவது எழுத்து தெரியுதா பாரு!"

"ஒரு நட்சத்திரம் மட்டும் தெரியுது."

"அது எனக்கே தெரியும்!"

"பட்டப்பகல்ல ரெண்டு பேருக்கும் நட்சத்திரம் தெரியுதுன்னா நிலைமை மோசம்தாங்க."

அடுத்தது அக்கா மகன். "மாமா, பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க. நீலத் திரை வரும். அதுல ரெண்டாவதை..." என்றபோது இணைப்பு அறுந்தது. ரெண்டாவதை அமுக்கச் சொன்னானா, விடச் சொன்னானா? யோசித்துவிட்டு மூன்றாவதை அமுக்கினார். திரை முழுக்க அவர் பிறந்ததிலிருந்து பார்த்தறியாத ஒரு மொழி வந்து உட்கார்ந்தது. பெட்டி இப்போது கேட்பது கடவுச்சொல்லையா கடவுளையா என்றே புரியவில்லை.

முதல்வர் அம்மா கதவருகே எட்டிப் பார்த்தார். "ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு மேடம்."

"எது?"

தலைமை எழுத்தர் எட்டு இல்லாத கீபோர்டை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். முப்பத்திரண்டு வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு மெமோகூட வாங்காமல் ஓட்டியவர். கரை தெரியும்போது கப்பல் கவிழ்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

தட்டச்சர் கணினிக் கடைக்குப் போன் செய்து, "ஆள் அனுப்பறாங்களாம் சார்" என்றாள்.

ஒரு மணிக்கு, தோளில் பையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "சார், நான்..."

"வாங்கம்மா, வாங்க! உங்களுக்காகத்தான் தவமிருக்கேன்."

அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான். உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க."

குடித்தாள். "சார், விஷயம் என்னன்னா..."

"விஷயத்தை நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, குண்டூசி விழுந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரெல்லாம் நான்தான் பாக்கறேன். இது பெரிய விஷயமில்ல. ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

ஆஸ்பத்திரிக்கே பார்க்கிறார்களா, நல்ல கடைதான் என்று அவர் நிம்மதியடைந்தார். தட்டச்சர் ஓடிப்போய் எலக்ட்ரீஷியனிடம் வாங்கி வந்தாள்.

நான்கு திருகாணி. பெட்டிக்குள்ளிருந்து கையடக்கமான ஒரு டிஸ்கைக் கழற்றி, தட்டச்சரின் கணினிக்குள் அதை மாட்டினாள். ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவர் போலத் தலைமை எழுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரை ஒளிர்ந்தது. அவருடைய கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

"கடவுச்சொல் கேக்கவே இல்லையே!"

"அது வாசல் காவல்காரர் மாதிரி சார். வாசல் வழியா வர்றவங்களைத்தான் கேப்பார். நாம சுவரையே கழட்டிட்டு வந்துட்டோம்."

"அப்போ என் இருபத்தோரு எழுத்து?"

"தூரத்துலேருந்து கை வைக்கறவனுக்கு அது போதும். பெட்டியே கைக்கு வந்துட்டா, உள்ளே இருக்கிறதையே பூட்டி வச்சிருந்தாத்தான் தப்பும். அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கு, செஞ்சுக்கோங்க. அதுவரைக்கும் இந்த அறைக் கதவையாவது பூட்டுங்க. நீங்க போய்க் காகிதம் எடுத்துட்டு வாங்க, நான் பட்டியலைச் சரிபாக்கறேன்."

இரண்டே முக்காலுக்குக் கடைசி ஹால் டிக்கெட்டும் அச்சாகி விழுந்தது. வெளியே மாணவர் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. முதல்வர் அம்மா வந்து, "பரவாயில்லையே!" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமை எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த உதவியை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேம்மா. என் முப்பத்திரண்டு வருஷ மானத்தைக் காப்பாத்திட்டீங்க. உங்க முதலாளிக்கு நன்றிக் கடிதம் எழுதியே தீரணும். கடை பேர் சொல்லுங்க."

"எந்தக் கடை சார்?" அவள் அடுக்கிலிருந்து ஒரே ஒரு ஹால் டிக்கெட்டை எடுத்து, ஊதி, பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். "நான் இங்க படிக்கிற பொண்ணோட அம்மா. ஒரு வருஷமா உங்க கம்ப்யூட்டர்ல அவ ஆணாவே இருக்கா, ஏழு மனு கொடுத்தும் மாறல. எட்டாவதைக் கொடுக்க வந்த இடத்துல உள்ளேயே விட்டீங்க, நானே பொண்ணாக்கிட்டேன். ரொம்ப நன்றி சார்!"